தூரம் கூடியது, நேரம் குறைந்தது!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. அதனால் ஒரே ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு விமானம் போக வேண்டும். ஒரு வழி 13,900 கி.மீ., இன்னொரு வழி 15,300 கி.மீ. எதில் சீக்கிரம் போகலாம்? "இதென்ன சார் கேள்வி, தூரம் குறைந்த வழிதான்" என்பீர்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தே வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்த நேரடிப் பயணத்தைத் தொடங்கியபோது, விமானம் மேற்கே அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. பதினாறு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் 1,400 கி.மீ. கூடியது. நேரமோ சுமார் பதினாலரை மணியாகக் குறைந்தது! விமானம் அதே போயிங் 777தான்.

எப்படி? 15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. ஆனால் அந்த விமானம் காற்றுக்குள் பறக்கும் வேகம் சுமார் 900தான். மீதி யார் கொடுத்தது? பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற ஜெட் காற்றோட்டம். ஆற்றோடு போகும் பரிசல் மாதிரிதான். எரிபொருளும் இஞ்சின் ஓடும் நேரத்துக்குத்தான் எரியுமே தவிர, கீழே கடந்த கிலோமீட்டருக்கு அல்ல.

இதே காற்று எதிரியாகவும் நிற்கும். நியூயார்க் – லண்டன் தூரம் சுமார் 5,550 கி.மீ. 2020 பிப்ரவரியில் புயல் தள்ளிவிட, ஒரு ஜம்போ ஜெட் அதை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. லண்டனிலிருந்து திரும்பி வர சாதாரணமாக ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஊர் அதே ஊர், தூரம் அதே தூரம்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் எஸ்டிமேட் போடுவீர்கள், தேதி குறிப்பீர்கள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்ததோடு நின்றுவிடாதீர்கள். அந்த வேலை எந்தக் காற்றில் நடக்கப் போகிறது என்று கேளுங்கள். சைட்டில் மண் எப்படி, மழை எப்போது, கூட வேலை செய்பவர் யார் என்று விசாரியுங்கள். அதைப் பாடப்புத்தகம் சொல்லாது. மேஸ்திரியிடம் கேட்டால் சொல்வார்.

இன்னொன்று. டிப்ளமா படித்து, வேலை பார்த்து, சுற்றி வந்து இங்கே சேர்ந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். தூரம் கூடிவிட்டதே என்று வருந்தாதீர்கள். வந்த வழியில் கற்ற கைவேலை உங்களுக்குப் பின்காற்று.