மிளகாய்த் தோட்டமும் உலகச் சந்தையும்

(வடபகுதிக் கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உலகப் பொருளாதாரம் என்றவுடன், அது இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள கனவான்களின் காரியம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. அது நமது மிளகாய்த் தோட்டத்தின் வேலிக்குள் வந்து, முதலில் அள்ளிக் கொடுத்துப் பின்னர் பறித்துச் சென்ற காலத்தை இங்கு அமர்ந்திருக்கும் முதியோர் நன்கறிவர். அக்கதையையே இன்று ஆராய விரும்புகிறேன்.

1944ஆம் ஆண்டு பிரெற்றன் வூட்சில் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி ஓர் அவுன்சு தங்கத்தின் விலை 35 டொலர். ஏனைய நாணயங்கள் டொலரோடு பிணைக்கப்பட்டிருந்தன. வியட்நாம் யுத்தம் முதலிய செலவுகளால் டொலர் உலகெங்கும் பெருகியது. அதற்கீடான தங்கம் அமெரிக்காவிடம் இல்லை. 1971 ஆகஸ்ட் 15ஆந் திகதி ஜனாதிபதி நிக்சன், டொலருக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தினார். வண்டியின் கடையாணி கழன்றது. 1972இல் பல நாடுகளில் விளைச்சல் பொய்த்தது. சோவியத் நாடு அமெரிக்கக் கோதுமையை ஏராளமாக வாங்கியது. தானிய விலை ஏறியது. 1973 ஒக்ரோபரில் மத்திய கிழக்கில் யுத்தம் மூண்டது. பீப்பாய் ஏறக்குறைய 3 டொலராக இருந்த எண்ணெய், 1974 ஜனவரியில் 11 டொலரைத் தாண்டியது.

தேயிலையையும் இறப்பரையும் தெங்குப் பொருள்களையும் விற்று, அரிசியையும் மாவையும் எண்ணெயையும் வாங்கிய நாடாக அன்று நமது நாடு இருந்தது. வாங்குவதன் விலை பாய்ந்தேற, விற்பதன் விலை பின்தங்கினால் அந்நியச் செலாவணி எங்கிருந்து வரும்? அதனாற்றான் அன்றைய அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதிக்குக் கதவடைத்தது. வடபுலத்துக் கமக்காரன்மீது கொண்ட கருணையால் அன்று, கையிற் காசில்லாமையால்!

ஆயினும் பயன் நமக்குக் கிட்டியது. செத்தல் மிளகாய் பொன்னாயிற்று. துலா மிதித்த கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் முழங்கின. தரப்படுத்தலினாற் பல்கலைக்கழக வாயில் அடைக்கப்பட்ட காலத்தில், படித்த வாலிபர் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களிற் காடு வெட்டி மிளகாய் நட்டனர். கல்வீடுகள் எழுந்தன; கடன்கள் தீர்ந்தன. அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் நம் சகோதரர் பட்டினியால் மாண்டனர் என்பதையும் இம்மேடையிற் சொல்லாமல் விட முடியாது. அடைத்த கதவைப் பொற்காலம் என்று புகழ்வோர் பாண் வரிசையில் நின்றவரை மறந்துவிட்டனர்.

1977இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்த்தப்பட்டன. ரூபா மிதக்கவிடப்பட்டு, டொலர் ஒன்று ஏறக்குறைய 16 ரூபா என்ற நிலையில் தொடங்கியது. ரூபா இறங்கினால் இறக்குமதிப் பண்டத்தின் விலை ஏறி, உள்ளூர் விளைவுக்குக் காப்புக் கிடைக்க வேண்டுமன்றோ? நூல்கள் அவ்வாறுதான் கூறும். ஆனால் முழுமையாக அடைபட்டிருந்த கதவு திறக்கும்போது, வெளியிலிருந்து வரும் மலிவுச் சரக்கு அந்தக் காப்பையும் மிஞ்சிவிடுகிறது. மிளகாய் விலை வீழ்ந்தது. வெங்காய விலை வீழ்ந்தது. மறுபுறம், ரூபா இறங்கியமையால் உரத்தை இறக்குமதி செய்யும் செலவு ஏறியது. 1979இல் ஈரானியப் புரட்சியை அடுத்து எண்ணெய் மீண்டும் உயர, இறைப்பு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் அதனோடு ஏறியது. விற்கும் விலையை ஒரு கையும், வாங்கும் விலையை மறு கையும் இழுத்தன. நடுவில் நின்றவன் கமக்காரன்.

இது பழங்கதையா? 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி, பூச்சியத்தை ஒட்டியிருந்த வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2023 யூலையில் ஐந்து வீதத்துக்கு மேல் கொண்டுசென்றது. அதே காலத்தில் உக்ரெயின் யுத்தம் எண்ணெயையும் கோதுமையையும் தூக்கிவிட்டது. நம் நாடோ 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து, தானே தன் வயலைத் தாக்கிக்கொண்டது; அதற்கு வாஷிங்டன் பொறுப்பன்று. 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐ எட்டியது. கமக்காரரும் கடற்றொழிலாளரும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றனர்.

எண்ணெய் விலையையோ அமெரிக்க வட்டியையோ நாம் இங்கிருந்து மாற்ற முடியாது. அப்படி முடியுமென்று மேடையிற் கூறுவோரை நம்பாதீர்கள். ஆனால் துறைமுகக் கதவு எப்போது திறக்கும் என்பது கடவுள் வகுத்த நியதியன்று. அது சட்டத்தின் காரியம். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், அறவீட்டைக் கூட்டவும் குறைக்கவும் அமைச்சருக்கு வர்த்தமானிக் கட்டளை மூலம் அதிகாரமளித்தது. இரவிலே ஒரு கட்டளை. விடிந்தாற் சந்தையில் வேறு விலை. விதைத்தவனுடைய சொல் அக்கட்டளையில் எங்கே? மாகாண சபைகளின் நிரலில் விவசாயம் எழுதப்பட்டுள்ளது; இறக்குமதி எழுதப்படவில்லை. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் கொழும்பில் இருக்க, நட்டத்தைச் சுமக்கும் உரிமை மட்டும் நமக்குப் பகிரப்பட்டிருக்கிறது!

ஆதலின் நாம் கேட்பது அடைத்த கதவை அன்று. அறுவடைக் காலத்தில் இறக்குமதித் தீர்வை குறைக்கப்படுவதாயின், உற்பத்தி செய்யும் மாகாணங்களுக்கு மூன்று மாத முன்னறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். அவற்றின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும். இது வாக்குறுதியாக அன்றிச் சட்டத்தின் வாசகமாக இருத்தல் வேண்டும். தீர்மானத்தின் நகல் உங்கள் கைகளில் உள்ளது. அதில் ஒவ்வொரு பயிரின் அறுவடை மாதங்களுக்கும் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஊருக்கு ஊர் அவை வேறுபடும். சட்டத்தரணிகளுக்கு அவை தெரியா. கலைந்து செல்லுமுன் நீங்களே அவற்றை நிரப்பிச் செயலாளரிடம் கையளிக்குமாறு வேண்டுகிறேன்.