சிங்கமும் ஆட்டுக்குட்டியும் இருக்கும் மலைக்கு ஓர் ஆயத்தம்

(நண்பர்கள் மாலைக் கூட்டத்தில் நமது சாப்ளின் ஐயர் ஆற்றிய உரை)



இங்கிலாந்தில் ஒரு சபையாரின் அழைப்பின்பேரில் நாங்கள் நான்குபேர் கிராஸ்மியர் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். ஊருக்கு வடமேற்கே ஹெல்ம் கிராக் என்ற சிறிய பாறைமலை உண்டு. உயரம் 405 மீட்டர்தான். "இதற்கா ஆயத்தம், காலையில் டீ குடித்துவிட்டுப் போய்வரலாமே" என்று நாங்களும் சொன்னவர்களே. எங்களைத் தங்கவைத்த பெரியவர் ஒன்றும் பேசாமல் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அதன்மேல் வரைபடத்தை விரித்தார்.

நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கில் வரைந்த படம் அது. உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் அங்கே மூச்சு வாங்கும் என்று பொருள். நாங்கள் போகவேண்டிய இடத்தில் அவை ஒட்டியே கிடந்தன. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கைப் பெரியவர் கற்றுக்கொடுத்தார்: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. போகவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஏற்றம் 340 மீட்டர். ஒன்றரை மணிக்குச் சற்று மேல் வந்தது. "இது திடகாத்திரமானவர்களுக்கு" என்று சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். நாங்கள் ஐந்து மணி நேரம் என்று எழுதினோம்.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அவர் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. உண்மையில் அன்றிரவு நாங்கள் பேசியது அந்த மூட்டைப் பற்றித்தான், ஆனால் யாரும் அதைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. ஒருவர் மழையைச் சொன்னார், இன்னொருவர் பாதையில் பாவிய கற்கள் நனைந்தால் வழுக்கும் என்றார். கடைசியில் அக்காவே, "ஐயா, என் காலைப் பற்றித்தானே சுற்றி வளைக்கிறீர்கள்? ஏறுவது கஷ்டமில்லை. இறங்கும்போதுதான் வலிக்கும். அதற்கு நேரம் வையுங்கள், நான் வருகிறேன்" என்றார். வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைக்குமேலே பேசாதீர்கள் என்று எத்தனைபேருக்குச் சொல்லியிருக்கிறோம்!

அதன்பின் திட்டம் எளிதாயிற்று. அக்காவின் நடையே எல்லோருடைய நடை, அவரே முன்னால் போவார். எங்கே இருந்தாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்பவேண்டும். மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, டார்ச், விசில் எல்லாம் பையில் போட்டோம். நிமிஷத்துக்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதுவது அங்கே ஆபத்தின் அடையாளம். மீட்க வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், நன்கொடையால் நடக்கும் குழுக்கள். எங்கள் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிய தாளைப் பெரியவர் ஜன்னலோரம் வைத்துக்கொண்டார்.

மலையின் முகட்டில் இரண்டு பாறைக் கூட்டங்கள் உண்டு. தென்கிழக்கு முனையில் இருப்பதைச் 'சிங்கமும் ஆட்டுக்குட்டியும்' என்கிறார்கள். (ஏசாயா 11ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியோடு தங்குவது ஓநாய். நம்மில் பலர் அதைச் சிங்கம் என்றே சொல்லி வருகிறோம்.) மலையின் உண்மையான உச்சி வடமேற்கு முனையிலுள்ள 'ஹவிட்சர்', அதாவது பீரங்கிப் பாறை. கையும் காலும் வைத்துத்தான் அதில் ஏறமுடியும். அந்த வட்டாரத்தின் 214 மலைகளுக்கு ஏழு வழிகாட்டி நூல்கள் எழுதிய ஆல்ஃபிரெட் வெயின்ரைட், கெண்டல் நகராட்சியின் பொருளாளராயிருந்தவர், இந்தப் பாறையின் உச்சிக்கு ஏறியதில்லை. 1958இல் வந்த மூன்றாம் நூலில் அதை ஒப்புக்கொண்டு, என்றாவது ஏறினால் அறிவிப்பதற்கென்று சிறிது இடம் விட்டுவைத்தார். 1991இல் அவர் மறையும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. எங்களுக்கு அந்தக் காலி இடத்தின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

மறுநாள் சிங்கத்தின் அருகே சேரும்போது மணி 12:35. காற்று பலம். முகட்டின் வழியே மெதுவாய் நடந்து பீரங்கிப் பாறையின் அடிக்கு வந்தபோது ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. எங்களோடு வந்த இளம் டாக்டர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். "பத்தே நிமிஷம், ஐயா" என்றார். அவரால் ஏறியிருக்க முடியும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. வானம் மேற்கே கறுத்திருந்தது. நாங்கள் பதில் தேடுவதற்குள் அக்கா கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். "தம்பி, எனக்கு இறங்க நேரம் வேண்டும் என்று சொன்னேனே."

அவர் பாறையில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். பாதி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. அக்கா ஒவ்வொரு கல்லிலும் பக்கவாட்டில் திரும்பித்திரும்பி இறங்கினார். கீழே அந்த டாக்டர் ஒரு படி முன்னால் நின்று தோள்கொடுத்தபடியே வந்தார். ஏற ஆனதைவிட இறங்க அதிக நேரம் ஆனது. வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. ஐந்தைத் தாண்டினால் மீட்புக்குழுவுக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்த பெரியவர், ஜன்னலண்டையில் தாளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அன்றிரவு அக்காவின் மூட்டு கொஞ்சம் வீங்கியது. ஐஸ்கட்டி வைத்தோம்.