ஒளி மேசையும் முதுநிலைப் பட்டமும்



குவாண்டம் தொழில்நுட்பத்திலும் ஃபோட்டானிக்ஸிலும் முதுநிலைப் படிப்பு எப்படி அமைய வேண்டும் என்று பேசவே இரண்டு நாள் கூடியிருக்கிறோம். வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களை நேற்றிரவு புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் குவாண்டம் கணினி, அல்காரிதம். லேசர், ஃபைபர், டிடெக்டர் பற்றி எழுதியவர்கள் சொற்பம். ஆகவே வாழ்த்துரையைச் சுருக்கிக்கொண்டு ஒரே ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். இந்த முதுநிலைப் பட்டம் ஆய்வகத்தில் ஈட்ட வேண்டியது. வகுப்பறை அதற்குத் துணை.

இது புதிய கருத்தல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோதே, 1906-இல், சி.வி. இராமனின் முதல் கட்டுரை ‘ஃபிலாசஃபிகல் மேகசின்’ இதழில் வெளிவந்தது. செவ்வகத் துளை உண்டாக்கும் விளிம்பு விளைவுப் பட்டைகள் சமச்சீரின்றி இருப்பதைப் பற்றிய கட்டுரை. கருவி, கல்லூரியில் இருந்த நிறமாலைமானி. மாணவருக்கு வயது 18. அதே வகை நிறமாலைமானி இன்றும் நம் கல்லூரிகளில் இருக்கிறது, பெரும்பாலும் பூட்டிய பீரோவுக்குள்.

இன்னொரு கதை பெங்களூரில் தொடங்குகிறது. குவாண்டம் மறைகுறியீட்டின் தாய்க் கட்டுரை எனப்படும் பென்னட்–பிரசார்டு கட்டுரை, 1984 டிசம்பரில் அந்நகரில் நடந்த கணினி, சிக்னல் பிராசசிங் மாநாடு ஒன்றில்தான் வாசிக்கப்பட்டது. சில பக்கங்களே கொண்ட கட்டுரை. ஒற்றை ஃபோட்டான்களின் தளவிளைவில் சாவியை ஏற்றி அனுப்பினால், நடுவில் ஒட்டுக்கேட்பவர் தடயம் விடாமல் தப்ப முடியாது என்பது அதன் சாரம். தாளில் அது முழுமையாக இருந்தது. 1989-இல் மேசைமேல் கருவியாகச் செய்து பார்த்தார்கள்; ஃபோட்டான் பயணம் செய்த தூரம் சுமார் 32 சென்டிமீட்டர். அங்கேதான் வேடிக்கை. தளவிளைவை மாற்றும் செல்லுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் மின்வழங்கி, ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் வேறு வேறு விதமாகச் சத்தம் போட்டது. காது கேட்கும் எவரும் பக்கத்தில் நின்றாலே போதும், சாவி அவர் கையில். பிரசார்டே பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2010-இல் நார்வே, ஜெர்மனி ஆய்வாளர்கள், விற்பனைக்கு வந்துவிட்ட சாவிப் பகிர்வுக் கருவிகளின் டிடெக்டர்களைப் பிரகாசமான ஒளி பாய்ச்சிக் குருடாக்கி, தாங்கள் விரும்பியபடி அவற்றை ஆட்டுவிக்க முடியும் என்று காட்டினார்கள். தேற்றத்தில் பிழை ஒன்றுமில்லை. அவலாஞ்சு ஃபோட்டோடையோடு எந்த நிலையில் ஒற்றை ஃபோட்டானை எண்ணும், எந்த நிலையில் வெறும் சாதாரண ஒளியுணரியாகிவிடும் என்பதை அறிந்தவருக்கே அந்த ஓட்டை கண்ணில் பட்டது. அந்த அறிவு எந்தப் பாடத்தில் வருகிறது? நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் ‘ஒளியுணரிகள்’ என்ற தலைப்பில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான்.

அந்த அறிவைத் தரும் ஆய்வகப் பயிற்சி ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒளி மேசைமேல் ஊதா நிற லேசர், 405 நானோமீட்டர். அதன் பாதையில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிபிஓ படிகம். கோடானுகோடி ஊதா ஃபோட்டான்களில் எங்கோ ஒன்று உடைந்து, 810 நானோமீட்டரில் இரண்டாக வெளிவரும். இரண்டும் சில பாகை விலகிப் போகும், கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளியை இரண்டு ஃபைபர்களின் முனைக்குள் செலுத்தி, சில நானோவினாடி இடைவெளிக்குள் இரு டிடெக்டர்களும் சேர்ந்து துடிப்பதை எண்ண வேண்டும். மேசைக்கு வருமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடச் சொல்வோம்; லேசர் பட்டுத் தெறித்தால் கண் போகும். அறை விளக்கை யாராவது மறதியாகப் போட்டால் டிடெக்டர் போகும், விலை லட்சங்களில். ஒரு மாணவி பிற்பகல் முழுவதும் கண்ணாடிகளைத் திருகித் திருகிப் பார்த்தார், எண்ணிக்கை ஏறவே இல்லை. கடைசியில் ஃபைபர் முனையில் தூசி. துடைத்ததும் எண்கள் ஓடத் தொடங்கின. அடுத்த வாரம் அவரே படிகங்களை மாற்றியமைத்து, பிணைந்த இணைகளை உண்டாக்கி, பெல் சோதனையின் அளவை 2 என்ற செவ்வியல் எல்லைக்கு மேல் கொண்டுபோனார். குவாண்டக் கொள்கை அனுமதிக்கும் உச்சம் 2.83. கிளாசர், ஆஸ்பெக்ட், ட்சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு தந்த ஆய்வுகளின் கரு இதுதான், இன்று எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் சில வாரங்களில் அதைத் தொட முடியும்.

இத்தகைய மேசைக்குப் பணம் இல்லை என்று இனி யாரும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய். அத்திட்டத்தின் நான்கு மையங்களில் குவாண்டத் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2021-லேயே குவாண்டம் தொழில்நுட்ப எம்.டெக். தொடங்கிவிட்டது. மையங்கள் வளரும், அதில் எனக்கு ஐயமில்லை. மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பணத்தில் ஒரு மேசையாவது வந்து சேருமா என்பதுதான் என் கவலை.

வரும் மாணவர்களும் இரண்டு வகை. இயற்பியல் படித்து வருபவர் ஹாமில்ட்டோனியனை எழுதுவார். சாலிடரிங் அயர்னைத் தொட அஞ்சுவார். மின்னணுப் பொறியியல் படித்தவர் சர்க்யூட்டைக் கண் மூடிப் போடுவார். அடர்த்தி அணி என்றால் விழிப்பார். இருவரையும் ஒரே மேசையில் இணையாக நிறுத்துங்கள். முதல் பருவம் முடிவதற்குள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துவிடுவார்கள், நாம் குறுக்கே போகாமல் இருந்தால்.

வேலை பற்றியும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். குவாண்டம் கணினி நிறுவனத்தில் வேலை காத்திருக்கிறது என்று ஆசை காட்டிச் சேர்க்கை நடத்துவது எனக்கு உடன்பாடில்லை. அப்படிப்பட்ட இடங்கள் இன்று குறைவு. ஆனால் 1550 நானோமீட்டர் ஃபைபரை இணைக்கத் தெரிந்தவருக்கு, லேசரை நிலைநிறுத்தத் தெரிந்தவருக்கு, சிலிக்கான் சில்லில் அலைவழி வரையத் தெரிந்தவருக்குத் தொலைத்தொடர்பு, மருத்துவக் கருவி, குறைகடத்தித் துறைகளில் கதவு திறந்தே இருக்கிறது. குவாண்டம் பெரிதாக வளர்ந்தாலும் சரி, நிதானமாக வளர்ந்தாலும் சரி, அந்தக் கைப்பழக்கம் வீண்போகாது.

நாளைப் பிற்பகல் பாடத்திட்ட அமர்வு இருக்கிறது. வரைவில் ஆய்வகத்துக்குத் தந்திருக்கும் பங்கு போதாது. அதை இரட்டிப்பாக்க வேண்டும் என்று நான் திருத்தம் கொண்டுவருவேன். அதற்கு ஈடாக எந்தத் தாளை எடுக்கலாம் என்று கேட்பீர்கள். மாதிரி நிரலை வேறு யாரோ எழுதி வைத்து, மாணவர் பொத்தானை மட்டும் அழுத்தும் அந்தக் கணிப்பொறிச் செய்முறையை எடுக்கலாம். மேசை வாங்க வசதியில்லாத கல்லூரிகள், பக்கத்தில் உள்ள மையத்துக்கு விடுமுறையில் மாணவர்களை அனுப்பி முழு மதிப்பீட்டையும் அங்கேயே முடிக்க வழி செய்ய வேண்டும். இதற்குப் பல்கலைக்கழக விதிகளில் என்ன தடை என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்திருப்பவர்கள் நாளைக்குள் சொன்னால் நல்லது. மறுப்பு இருப்பவர்கள் எண்களோடு வாருங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.