கிரகணமும் களிமண்ணும் கிணறும்



சென்ற தவணை இறுதியில் ஒரு தகப்பனார் என்னைக் காண வந்தார். தோட்டக்காரர். மகன் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியெய்தியிருந்தான். அவனைக் கணிதப் பிரிவில் விடுவதா, வர்த்தகப் பிரிவில் விடுவதா என்பது அவருடைய கவலை. "அதிபர் ஐயா, எந்தக் கதவால் போனால் மற்றக் கதவுகள் பூட்டப்படாது?" என்று கேட்டார். வழக்கமாகச் சொல்லும் விடைகளுள் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு அவ்விடை எனக்கே திருப்தி தரவில்லை. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதையே இன்று உங்கள்முன் சொல்ல முயல்கிறேன்.

பதினாறு, பதினேழு வயதில் நம் பிள்ளைகளைக் கலை, வர்த்தகம், கணிதம், உயிரியல் எனத் தனித்தனி அறைகளில் இருத்திவிடுகிறோம். கற்பித்தலுக்கு அது வசதி. நேரசூசி தயாரிக்கும் அதிபர்களுக்கு இன்னும் வசதி. ஆனால், ஆராய்ச்சி என்பது ஒரு கேள்வியிலிருந்து பிறப்பது. கேள்விக்கு அறையும் தெரியாது, நேரசூசியும் தெரியாது.

பண்டத்தரிப்பிலிருந்து தெற்கே சில கல் தொலைவில் வட்டுக்கோட்டை இருக்கின்றது. அங்கே 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் ஓர் உயர்கலாசாலையைத் தொடங்கினர். (எங்கள் ஊரில் 1820 முதல் வைத்தியம் பார்த்த டாக்டர் ஸ்கடரைப் பற்றிப் பேசப் புகுந்தால் இன்றைய நேரம் அதிலேயே போய்விடும்.) அக்கலாசாலையில் கணிதமும் வானியலும் முக்கிய பாடங்கள். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு சந்திரகிரகணம் வரவிருந்தது. விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அதற்கு ஒரு கணக்குக் கூறிற்று. கலாசாலைத் தலைவர் டானியேல் பூவர் செய்த கணக்கு, கிரகணம் தொடங்கும் வேளையிலும் நீடிக்கும் அளவிலும் அதனோடு மாறுபட்டது. ஊர் முழுவதும் இதே பேச்சு. கிரகண இரவில் மக்கள் கூடி வானத்தைப் பார்த்தனர். கலாசாலையின் கணக்கே ஒத்துவந்தது.

மிஷனரிமார் இதனைத் தங்கள் சமயவாதத்துக்குப் பயன்படுத்திக்கொண்டனர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அந்த வாதம் கிடக்கட்டும். இரு சாராரும் தத்தம் கணக்கை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டு, வானத்தைத் தீர்ப்புச் சொல்ல விட்டார்களே, அதுவன்றோ ஆராய்ச்சி! சாஸ்திரியார் தோற்றார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தொலைநோக்கியின்றி, வழிவழி வந்த வாய்பாடுகளைக்கொண்டு, கிரகணம் வரும் நாளை அவர் சரியாகச் சொன்னார் என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. பின்னர் அக்கலாசாலையின் தலைவராக விளங்கிய ஹொய்சிங்ரன், இந்நாட்டு வானகணிதத்தைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். அக்கலாசாலையிற் கற்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழில் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் அக்கலாசாலை மூடப்பட்டது. ஆயினும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பட்டப் பரீட்சையில் விசுவநாதபிள்ளையும், பின்னாளிற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் தேறினர். கணிதம் எழுதியவரும் தமிழ் பதிப்பித்தவரும் ஒரே கூரையின்கீழ்ப் படித்தவர்கள்.

நம் வீடுகளில் இன்றும் வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்ற வழக்கு ஓயவில்லை. கண்ணாற் கண்டு திருத்திய கணிதமே திருக்கணிதம். 1829இன் வாதம் ஒவ்வொரு தைப்பொங்கலிலும் அடுப்படியில் மறுபடி நடக்கிறது.

வானத்திலிருந்து மண்ணுக்கு வருவோம். அழகையா துரைராசா 1934இல் வடமராட்சியிற் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கற்றபின் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவர் ஆராய்ந்தது களிமண். களிமண்ணை நீள் உருளையாக வார்த்து, இறப்பர் உறையிலிட்டு, சுற்றிலும் நீரால் அழுத்தி, மேலிருந்து பாரம் ஏற்றி, அஃது எவ்வளவு நசிகிறது, எவ்வளவு நீரை வெளிவிடுகிறது என்று அளத்தல். நாட்கணக்காகப் பொறுமை வேண்டும் வேலை. பாரத்தின் சக்தியில் எவ்வளவு உராய்வில் அழிகிறது என்பதற்கு அவர் ஒரு கணக்குக் கண்டார். 1963இல் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, கேம்பிரிட்ஜில் ஓடும் காம் நதியின் பெயரால் வழங்கும் களிமண் கோட்பாட்டின் அத்திவாரங்களுள் ஒன்று. அணைக்கட்டும் வீதியும் அமைக்கும் பொறியியலாளர் உலகெங்கும் அதனைக் கற்கின்றனர். அப்பெரியார் 1988 முதல் 1994இல் மறையும் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். எரிபொருள் கிடையாத அந்நாட்களில் அவர் சைக்கிளிற் பல்கலைக்கழகம் சென்றதை எங்கள் வயதினர் மறக்கவில்லை.

இனி, அந்தத் தகப்பனாரின் தோட்டத்துக்கே போவோம். வழுக்கியாறு மழைக்காலத்தில் மாத்திரம் ஓடுவது. மற்றப்படி நமக்கு ஆறில்லை. சுண்ணக்கல்லின் பொந்துகளில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதனையே இறைக்கிறோம், அதனையே குடிக்கிறோம். வெங்காயமும் புகையிலையும் செறிவாகப் பயிரிடும் இடங்களிலே கிணற்றுநீரில் நைத்திரேற்று மிகுந்துள்ளதை 1980களிலிருந்து ஆய்வாளர் பலர் காட்டியிருக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைத் தாண்டிய கிணறுகள் இங்கே உள. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையை இழக்கக்கூடும்.

நைத்திரேற்றை அளப்பவர் இரசாயனர். நீர் எவ்வழி ஊறுகிறது என்று கூறுபவர் பொறியியலாளர். ஆனால், தோட்டக்காரர் ஏன் அளவுக்கு மிஞ்சி உரமிடுகிறார்? அறுவடைக் காலத்தில் வெங்காயம் விலை விழுந்துவிடும் என்ற அச்சத்தால், விளைச்சலையாவது கூட்டுவோம் என்று இடுகிறார். இது சந்தையை ஆராய்பவரின் கேள்வி. ஆய்வுக் கட்டுரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நூலகத்தில் உறங்குகின்றன; அவற்றை அவர் காதில் விழச்செய்வது எங்ஙனம் என்பது கல்வியாளரின் கேள்வி. மானிப்பாயில் டாக்டர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் நூலாகவும் ஆக்கினார். இன்று ஒரு கிணற்றின் கதையைத் தமிழிற் சொல்ல நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கலைப்பட்டதாரி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, வரலாற்றுப் பாடவேளையில், "போர்த்துக்கீசர் காலத்திலும் நம் கிணறுகள் இவ்வளவு ஆழமா, ஐயா?" என்று கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, பிள்ளை" என்றேன். அவள் இருந்துவிட்டாள். அதன்பிறகு என் வகுப்பில் அவள் எழுந்து கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அந்தத் தகப்பனாரின் மகன் கணிதப் பிரிவிற் சேர்ந்துவிட்டான். பாடசாலைக் கிணற்றில் முடிச்சிட்ட கயிறொன்றை இறக்கி, நீர்மட்டத்தை நாள்தோறும் காலையில் ஓர் ஏட்டிற் குறித்து வருகிறான். வர்த்தகப் பிரிவு மாணவி ஒருத்தி, தகப்பன் சுன்னாகம் சந்தையிலிருந்து கொண்டுவரும் வெங்காய விலையை அதே ஏட்டில், அதே தேதிக்கு நேரே எழுதுகிறாள். ஏன் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "வேறு கொப்பி இல்லை, சேர்" என்றார்கள்.