கருமணலும் கதிரவனும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



துறைமுகப் பட்டினத்தில் வாழும் நமக்கு எரிபொருளின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளை நாம் அறிவோம். அவற்றை நிரப்பிய எண்ணெய் கடல் கடந்தே வந்தது. ஆயின், வெயிலைக் கொண்டு நீரிலிருந்தே எரிபொருள் எடுக்கும் வழியொன்றும் உண்டு. அதற்குதவும் பொருளின் மூலம் நம் மாவட்டக் கரையிலே கிடக்கிறது.

அந்த எரிபொருள் ஐதரசன். அது எரிந்தால் நீர் உண்டாகும், கரியில்லை. எனினும், இன்று உலகம் அதைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் ஆக்குவதால், ஆக்குமிடத்தில் காபனீரொட்சைட்டு பெருகுகிறது.

1972ஆம் ஆண்டில் புஜிஷிமா, ஹொண்டா என்னும் யப்பானிய அறிஞர் இருவர் வேறொரு வழியை உலகறியச் செய்தனர். தைத்தேனியம் ஈரொட்சைட்டை நீரில் அமிழ்த்தி, அதைப் பிளாற்றினத்துடன் இணைத்து ஒளி பாய்ச்சியபோது, நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்தது. ஒளி பட்டதும் அப்பொருளில் இலத்திரன்கள் கிளர்ந்தெழுகின்றன. அவை ஐதரசனைத் தோற்றுவிக்க, அவை விட்ட வெற்றிடங்கள் ஒட்சிசனைப் பிரிக்கின்றன. பாடசாலையில் நாகத்தின்மேல் அமிலம் வார்த்து நாம் ஐதரசன் எடுத்தோம். அங்கே நாகம் கரைந்து தீர்ந்தது. இங்கே ஒளியூக்கி கரைந்து தீர்வதில்லை.

ஊக்கியைத் தூளாக நீரிலிட்டால் மீட்பது கடினம். ஆகவே அதை இழையாக்குகின்றனர். தைத்தேனியச் சேர்வை கலந்த பசையை உயர் மின்னழுத்தத்தால் நூலாக இழுத்து, ஏறக்குறைய 500 பாகை செல்சியசில் சுடுவர். பசை எரிந்துபோக, தலைமயிரினும் மிக மெல்லிய பீங்கான் இழை எஞ்சும். நம் மீனவர் வலையைத் தூக்குவதுபோல அவ்விழைப் பாயைத் தூக்கியெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

புல்மோட்டைக் கருமணலில் பெரும்பங்கு இல்மனைற்று. அது தைத்தேனியமும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். அம்மணலுக்கென 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்தது. அன்றுமுதல் அது பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்திருக்கிறது. அதிலிருந்து இரும்பை நீக்கித் தூய வெண்பொருள் எடுக்கும் இரசாயனம் பிறநாட்டில் நடக்கிறது. ஊதியமும் அங்கேயே தங்குகிறது.

இவ்வழி முற்றிலும் கைகூடிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. தைத்தேனியம் ஈரொட்சைட்டு புறவூதாக் கதிரையே பயன்படுத்தும். வெயிலில் அது இருபதில் ஒரு பங்களவே. 2021இல் யப்பானியர் 100 சதுர மீற்றர் பரப்பில், தைத்தேனியம் அடங்கிய மற்றோர் ஊக்கியைப் பரப்பிச் சோதித்தனர். வெயிலின் சக்தியில் உச்சமாக 0.76 வீதமே ஐதரசனாயிற்று. இது சிறிதென்று இகழ வேண்டாம். பணி முடியவில்லை என்பதாலேயே நமக்கும் அதில் இடமுண்டு.

பெரியோர்களே! நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பிள்ளைகளுக்கு நல்ல ஆய்வுகூடம் கிடைக்க முன்னின்று உதவுங்கள். தோழர்களே! வார இறுதியில் அவர்களுக்கு இரசாயனம் கற்பிக்க முன்வாருங்கள். மணலை அள்ள மண்வெட்டி போதும். அதை இழையாக்கக் கல்வி வேண்டும். அக்கல்வியை இக்கரையிலேயே வளர்ப்பது நம் தலைமுறையின் கடன்.