ஐந்தாவது குருவி



ஐப்பசி மழை விழுந்துவிட்டால் சூலக்கரையில் எங்கள் இல்லத்தின் கொல்லைப்புறத்துக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். வேலியை ஒட்டி ஓர் ஓடை. பாதி ஆண்டு வறண்டு கிடக்கும். இப்போது கொஞ்சம் நீர் நிற்கிறது. அந்த ஈர மண்ணில் மஞ்சள் வாலாட்டி ஓடி ஓடிப் பூச்சி பொறுக்குகிறது. ஏறத்தாழ இருபது கிராம் எடையுள்ள இந்தக் குருவி இமயத்துக்கு அப்பாலிருந்து வருகிறது! மாலையில் மத்திய ஆசியாவின் சூறைக்குருவிகள் கூட்டமாக வந்து சீமைக்கருவேல மரங்களில் அடைகின்றன. கீரிப்பிள்ளை ஒன்றும் அவ்வப்போது தலைகாட்டும்.

வானத்துப் பறவைகளைக் கவனியுங்கள் என்ற ஆண்டவரின் அழைப்பை இதுவரை உவமையாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். இந்தத் திருவருகைக் காலத்தில் உண்மையிலேயே விடியற்காலையில் உட்கார்ந்து கவனித்தோம். அப்போதுதான் ஓடைக்கு அக்கரையில், பயர் ஆபீஸ் வேனுக்காகச் சோற்றுத் தூக்குடன் இருட்டில் நிற்கும் பெண்கள் கண்ணில் பட்டார்கள். நம் பங்கு மக்கள்தாம். நற்கருணைக்கு நீளும் அவர்கள் கைகளில் ஒட்டியிருக்கும் வெள்ளிநிற மருந்துப்பொடியைப் பார்த்திருக்கிறோம். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா நற்செய்தியிலோ இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது, கொசுறு. விலையே இல்லாத அந்தக் குருவியும் கடவுளின் நினைவில் இருக்கிறது என்கிறார் இயேசு.

சென்ற ஆண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் எங்கள் கொல்லையில் பத்தாயிரம் வாலா சரம் வெடித்தோம். நாங்களும் கைதட்டினோம். மறுநாள் கருவேல மரங்கள் வெறுமையாகக் கிடந்தன.

சிவகங்கை மாவட்டத்தில் 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளும் அதற்குப் பழகிவிட்டார்கள். இதைச் சொல்லி, இந்த ஆண்டு சரம் வேண்டாமே என்று நம் இளையோரிடம் கேட்டோம்.

ஒரு தம்பி எழுந்தார். "சாமி, அது எங்க அம்மா பின்னுன சரம். எல்லா ஊர்லயும் வேண்டாம்னு சொன்னா நாங்க எதைச் சாப்பிடுறது?"

எங்களிடம் பதில் இல்லை. கொள்ளுக்குடிப்பட்டிக்கு வயல் சோறு போடுகிறது; இங்கே வெடிதான் சோறு போடுகிறது. அதை மறந்துவிட்டுப் பேசிவிட்டோம். ஆனாலும் கருவேல மரத்தடியில் வெடிப்பதும், தள்ளிப்போய்ச் சாலையோரத் திடலில் வெடிப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தம்பியும் ஒத்துக்கொண்டார்.

வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு மறுபடியும் உட்கார்ந்து பேசப்போகிறோம். அம்மாவையும் அழைத்து வாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.