ஏலக்காய்க்கு எட்டிய இயந்திரம் நம் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும்!

(போடிநாயக்கனூரில் ஆலைத் தொழிலாளர்களும், ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் தொழிலாளர்களும் கூடியிருந்த பெற்றோர் கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியது.)



பள்ளிக்கூடத்தில் செல்போனும் கம்ப்யூட்டரும் எப்படிப் பயன்பட வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தீர்கள். எழுந்து நின்றால் மைக் வேலை செய்யவில்லை! பரவாயில்லை, தொண்டை இருக்கிறது. பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பத்தாவதோடு படிப்பை முடித்தவன். நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் ரூம் என்று ஓர் அறை உண்டு. உள்ளே இரண்டு பெட்டிகள். அவற்றின் மேல் துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். ஆயுத பூஜைக்குத் திறப்பார்கள், மறுநாள் பூட்டிவிடுவார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததுதான் நான் படித்த கம்ப்யூட்டர் படிப்பு. இன்றைக்கு என் செல்லில் ஏதாவது புரியாவிட்டால் என் மகளைத்தான் கேட்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே சொல்லித் தருகிறாள்.

போன வாரம் முந்தலில் ஒரு தாய் என்னை நிறுத்திக் கேட்டார்: "அண்ணே, பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் செல்லும் கையுமாக இருக்கிறான். பிடுங்கி அடுப்பில் போடலாம் என்று வருகிறது. போட்டுவிட்டால், வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருக்கிறேன் என்று வாத்தியார் சொல்கிறார். நான் என்னதான் செய்ய?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இங்கே வந்திருக்கிறேன். அந்தத் தாயிடம் அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

நம் ஊர் ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் வாயால் கூவி ஏலம் கேட்டார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. இங்கே போடியில் நடக்கிறது. மலைக்கு மேலே இடுக்கி ஜில்லா புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரலால் தட்டுகிறார்கள். லாட் நம்பர், எடை, விலை எல்லாம் திரையில் ஓடுகின்றன. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் விலை ஏறியது. உடனே அது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் மழையில் குனிந்து, தூரடியில் சரத்திலிருந்து அந்தக் காயைப் பறித்த கைக்கு எவ்வளவு போயிற்று என்பது எந்தத் திரையிலும் ஓடவில்லை!

அங்கே இன்னொன்றும் நடக்கிறது. இவ்வளவு இயந்திரம் வைத்திருந்தும் வியாபாரி திரையை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. மாதிரிக் காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறான், நிறம் பார்க்கிறான், மோந்து பார்க்கிறான். பிறகுதான் விலை கேட்கிறான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வரும்போது தேவைப்படும்.

சரக்குக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதி என்பது இந்த மலையில் நேற்று வந்த வழக்கமல்ல. குரங்கணிப் பக்கம் போனவர்கள் சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். ரயிலே போகாத காட்டில் ஸ்டேஷன் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு, கொட்டகுடி அடிவாரத்துக்கு இறக்கினார்கள். மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் சின்ன ரயிலும் ஓடியது. 1924 பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. தேயிலைப் பெட்டி ஆகாயத்தில் வந்தது. நம் பாட்டனும் பாட்டியும் சுமையோடு நடந்து ஏறினார்கள்.

இப்போது நம் பிள்ளைகள் கதைக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். ஒன்றாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் கதவு திறந்தது. ஒன்றரை வருஷத்துக்கும் மேல்! பாடம் செல்லில் வரும் என்றார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு செல். அதைத் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவான். செல் இருந்தால் ரீசார்ஜ் இல்லை; ரீசார்ஜ் இருந்தால் மலைச்சரிவில் டவர் எடுக்காது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது வாஸ்தவம். நல்ல பாடங்களும் வந்தன. ஆனால் டி.வி.யிடம் "சார், புரியவில்லை, இன்னொரு தடவை" என்று கேட்க முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை, பெயர் வேண்டாம், ஏழாவது முடித்திருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று காய் எடுப்புச் சமயத்தில் தாயோடு ஜீப்பில் ஏறினாள். போடிமெட்டுச் சாலையின் பதினேழு வளைவையும் தாண்டி தினம் போனாள், வந்தாள். பள்ளி திறந்தபோது அவளைக் கூப்பிடப் போனேன். "இனிமே போய் என்னண்ணே செய்ய? எல்லாம் மறந்து போச்சு" என்றாள். பதினாலு வயசு. அவள் இன்றைக்கும் ஜீப்பில்தான் போகிறாள். இந்தக் கூட்டத்தில் அவள் தாய் இருக்கிறார் என்றால் என்னை மன்னிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2020 ஜூன் 1-ஆம் தேதியே விக்டர்ஸ் டி.வி. மூலம் வகுப்பைத் தொடங்கினார்கள். அங்கும் டி.வி. இல்லாத வீடுகள் இருந்தன. நூலகங்களிலும் பொது இடங்களிலும் டி.வி. வைத்தார்கள், வாலிபர்கள் வீடு வீடாகப் போய் டி.வி.யும் செல்லும் திரட்டிக் கொடுத்தார்கள். குறை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "உன் வீட்டில் கருவி இல்லையா, அது உன் தலையெழுத்து" என்று பிள்ளையைத் தனியாக விட்டுவிடவில்லை. அதற்கு முந்தின வருஷம், 2019 செப்டம்பரில், இன்டர்நெட் கிடைப்பது கல்வி உரிமையில் சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் ஒரு மாணவி தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

மலையில் டவர் வேண்டும் என்று கேட்டால், "தோட்டக்காட்டில் சினிமா பார்க்கவா?" என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெட்டிமுடியை ஞாபகப்படுத்துங்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறு ராஜமலை பக்கம் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. குழந்தைகளும் சேர்த்து 70 பேர் போனார்கள். எல்லாம் நம் தமிழ் ஜனங்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளி உலகத்துக்குச் சேதி மறுநாள் காலையில்தான் போனது. சிக்னல் என்பது உயிர்ப் பிரச்னை, தோழர்களே!

சரி, டவரும் வந்தது, பிள்ளைக்கு ஒரு கருவியும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். படிப்பு தானாக வந்துவிடுமா?

வராது. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு தேசம். அங்கே எட்டு லட்சத்துக்கும் மேல் லேப்டாப்புகளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2012-இல் ஆராய்ந்து பார்த்தபோது, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. நம் நாட்டில் கிராமப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் 'அசர்' அறிக்கை 2024-இல் என்ன சொல்கிறது? 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். முந்தின ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 பேர். சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76 பேர்.

இந்தக் கணக்கைக் காட்டி, "பார்த்தீர்களா, ஏழைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று பெரிய மனிதர்கள் பேசுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் மடியில் லேப்டாப் இருக்கும்! நமக்கு 2011-இல் தொடங்கி அரசுப் பள்ளிகளில் லேப்டாப் கொடுத்தார்கள். பல வீடுகளில் அதில் கல்யாண வீடியோ பார்த்தோம், சினிமாப் பார்த்தோம். அதுவும் வாஸ்தவம்தான். அதே லேப்டாப்பை வைத்துக் காலேஜ் வரை படித்து வேலைக்குப் போன பிள்ளைகளும் நம் தெருவில் இருக்கிறார்கள். பக்கத்தில் வழிகாட்ட ஆள் இருந்த பிள்ளைக்கு அது படிப்பாயிற்று. ஏலக்காய் வியாபாரியே சரக்கைக் கையால் தொட்டுப் பார்க்கிறான் என்றால், பிள்ளைக்குப் படிப்பைத் தொட்டுக் காட்ட ஒரு வாத்தியார் வேண்டாமா?

அந்த வாத்தியாரின் பாட்டைக் கேளுங்கள். 'எமிஸ்' என்று ஒரு ஏற்பாடு. வருகைப் பதிவு, இலவசப் பொருள் கணக்கு, பிள்ளைகள் விவரம் எல்லாம் செல்லில் ஏற்ற வேண்டும். இரண்டே வாத்தியார்கள் உள்ள பள்ளியில் ஒருவர் செல்லில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் ஐந்து வகுப்பையும் யார் பார்ப்பது? பிள்ளை செல் பார்க்கிறான் என்று நாம் திட்டுகிறோம். வாத்தியாரையும் செல்லுக்குள் தள்ளிவிட்டார்கள்! ஆசிரியர் சங்கங்கள் இதைப் பலமுறை எதிர்த்துப் பேசிவிட்டன. இதில் நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது சுமார் இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் நம் தெருப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய்க்குச் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். செல் இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்ந்த ஒரு அக்கா திருப்பிக் கொண்டுவந்தாள். ஆயிரம் ரூபாய் அவளுக்குப் போதுமா என்பது வேறு கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

அப்படியானால் பள்ளியில் கருவியை வைத்து என்ன செய்யலாம்? 2018-லிருந்து வந்த புதுப் பாடப்புத்தகங்களில் கறுப்புக் கட்டம் ஒன்று அச்சாகியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். செல்லைக் காட்டினால் பாடம் படமாக வரும். சிக்னல் எடுக்காத மலைப் பள்ளிக்கு அதை டவுனிலேயே இறக்கி ஒரு பென்டிரைவில் கொண்டுபோகலாம். இது சின்ன வேலை, ஆனால் யாராவது செய்ய வேண்டும்.

இதைவிட முக்கியமானது, பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்காமல் எதையாவது செய்ய வேண்டும். தாயின் கூலிச் சீட்டை வைத்து, எத்தனை நாள், எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடட்டும். சதவீதம் எப்படி ஏறாது? பள்ளிக்கூடத்து முற்றத்தில் மழைமானி வைத்துத் தினம் அளந்து பதியட்டும். பெட்டிமுடி நடந்த மலையில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல. கம்பிவடத்தில் தேயிலை இறங்கியதைப் பார்த்தவர்களிடம் கதை கேட்ட கிழவர்கள் கொட்டகுடியில் இருப்பார்கள். அவர்கள் பேச்சைச் செல்லில் பதிந்து, பிள்ளைகளே எழுதி வைக்கட்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செல்லைப் பிடித்திருக்கிற அதே கை, பகலில் இதைச் செய்யும். செய்யச் சொல்லிப் பார்த்தால்தானே தெரியும்?

வாட்ஸ்அப்பில் வரும் சேதி பொய்யா மெய்யா என்று பார்க்கவும் பள்ளியே சொல்லித்தர வேண்டும். அந்தத் திரை பிள்ளையை ஏன் விடமாட்டேன் என்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பார்க்கிற ஒவ்வொரு நிமிஷமும் எங்கோ ஒரு கம்பெனிக்கு விளம்பரக் காசு. மில்லில் எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் கேட்கிறோம். ராத்திரி பன்னிரண்டு மணி வரை நம் பிள்ளையின் கண்ணை வேலை வாங்குகிறவனிடம் யார் கேட்பது? ஆஸ்திரேலிய சர்க்கார் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறது. தடை போட்டால் தீருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கேள்வி கேட்கவாவது தொடங்கியிருக்கிறார்கள்.

எனவே அந்த முந்தல் தாய்க்கு என் பதில் இதுதான்: அடுப்பில் போட வேண்டாம் அம்மா. ராத்திரி ஒன்பது மணிக்கு வாங்கி உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக் கொடுக்கும்படி வாத்தியாரிடம் கேளுங்கள். கம்ப்யூட்டர் பாடத்தைப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில், பள்ளி நேரத்தில் நடத்தச் சொல்லுங்கள். அறை பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தைப் பகலில் வைக்கிறார்கள். அப்போது நீங்கள் மலையில் இருக்கிறீர்கள். ஆலைத் தோழர்கள் ஷிப்டில் இருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் வீடு தேடி வருகிறது!

ஆகவே முதல் கோரிக்கையைச் சின்னதாக வைப்போம். ஜீப் இறங்கிய பிறகு, சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூட்டம் வைக்க வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன். மேஜை மேல் இருக்கிறது. கைநாட்டுப் போடுகிறவர்கள் கூச்சப்பட வேண்டாம். மை கொண்டுவந்திருக்கிறேன்.